மலரின் அருகே ஒரு வட்டம்

ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட் (1862–1944)

பள்ளியில் தாவரவியல் பயின்ற எவருக்கும் அந்த ரெக்கார்டு நோட்டு மறக்காது. செம்பருத்திப் பூவைப் பிளேடால் நெடுக்குவாட்டில் வெட்டி மேசைமேல் வைத்து, சூலகம் எது, மகரந்தத்தாள் எது என்று பார்த்துப் பார்த்து, கூர் சீவிய பென்சிலால் வரைந்திருக்கிறோம். நிழல் தீட்டக் கூடாது. கோடு நடுங்கக் கூடாது. அளவுகோல் வைத்து இழுத்த கோட்டின் முனையில் உறுப்பின் பெயரை எழுத வேண்டும். அப்படி வரைந்து முடித்த ஒரு பூவின் பக்கத்தில், யாராவது ஒருத்தி சிறு சதுரம் ஒன்றைப் போட்டு, அதற்குள் ஒரு வட்டத்தையும் ஒரு சுருளையும் இட்டு, இதுவும் இந்தப் பூவே என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டு மறுபடி வரைந்து வரச் சொல்லியிருப்பார். அவர் இடத்தில் இருந்தால் நாமும் அதையேதான் செய்திருப்போம்.

1919-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், சுவீடன் நாட்டின் ஒரு தீவில், 56 வயதான ஒரு பெண்மணி இதைத்தான் செய்தார். வயலோரத்தில் மலர்ந்த செடிகளை ஒவ்வொன்றாக வரைந்தார். இலையின் நரம்பு, காம்பின் வளைவு, இதழின் மடிப்பு எதிலும் பிழை காண முடியாது. பிறகு ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் சதுரங்களையும் வட்டங்களையும் சுருள்களையும் வரைந்து, அந்தச் செடியின் உள்ளே மறைந்திருக்கும் குணம் இன்னதென்று குறித்து வைத்தார். அவர்தாம் ஹில்மா ஆஃப் கிளிண்ட் அம்மையார். காணும் உருவம் எதையும் காட்டாமல், வர்ணத்தையும் வடிவத்தையும் மட்டுமே கொண்டு தீட்டப்படும் அரூப ஓவியத்தை உலகில் முதன் முதல் தீட்டியவர்களுள் ஒருவர் இவர். உயிரோடு இருந்த காலத்தில் அந்த ஓவியங்களைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

இவருடைய வாழ்க்கையை இம்மலரில் எழுதத் துணியும்போது ஒரு தயக்கமும் நமக்கு இருந்தது. நம் விசுவாசத்தோடு பொருந்தாத ஒரு பகுதி அதில் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் சொல்வது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்லிச் செல்கிறோம்.

ஹில்மா 1862 அக்டோபர் 26 அன்று ஸ்டாக்ஹோம் நகரை அடுத்த கார்ல்பெர்க் அரண்மனையில் பிறந்தார். அரண்மனை என்றவுடன் இளவரசி என்று எண்ணிவிட வேண்டாம். அக்காலத்தில் அங்கே படைத்துறைக் கல்விக்கூடம் நடந்து வந்தது. தந்தையார் விக்டர் கடற்படை அதிகாரி, கணிதத்தில் வல்லவர். இவர்களுடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடற்படையில் பணி செய்த குடும்பம். கடலின் ஆழத்தையும் பாறைகள் மறைந்திருக்கும் இடத்தையும் குறித்துக் கப்பலோட்டிகளுக்கு வரைபடம் தயாரித்தவர்கள் இவருடைய முன்னோர். நீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் தொழில் அது. பேத்தி பிற்காலத்தில் செய்ததை நினைக்கும்போது, இது இரத்தத்தில் வந்த பழக்கமோ என்று நமக்குத் தோன்றுகிறது.

கோடைக் காலங்களை மேலாரன் ஏரியில் உள்ள ஆடல்ஸோ என்ற தீவில், குடும்பத்துக்குரிய பண்ணை வீட்டில் கழிப்பார்கள். சுவீடன் வடக்கே வெகு தொலைவில் உள்ள நாடு. குளிர்காலம் நீண்டு, பகல் குறுகி, எங்கும் வெண்பனி மூடிக் கிடக்கும். பிறகு வசந்தம் வந்ததும் சில வாரங்களுக்குள் காடும் கழனியும் பூத்துவிடும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பூ பூத்துக் கொண்டே இருக்கும் நம் ஊரில், பூவின் அருமை அந்த நாட்டுக் குழந்தைக்குத் தெரியும் அளவுக்கு நமக்குத் தெரியுமா என்பது சந்தேகமே. ஹில்மா செடி கொடிகளைப் பெயர் சொல்லி அறிந்து கொண்டது அந்தத் தீவில்தான்.

சுவீடனில் அரசு கலைக் கல்லூரி 1864 முதலே பெண்களையும் சேர்த்துக் கொண்டது. ஐரோப்பாவின் மற்றப் பெரிய நாடுகள் பலவற்றில் அப்போது இந்த வசதி இல்லை. ஹில்மா முதலில் தொழில்நுட்பப் பள்ளியிலும், பின் கெர்ஸ்டின் கார்டன் என்ற பெண் ஓவியரிடமும் பயின்று, 1882-இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். 5 ஆண்டுகள் படித்து 1887-இல் சிறப்புத் தேர்ச்சியோடு வெளிவந்தார். நகரின் நடுவே, ஹம்ன்காதன் என்னும் தெருவை ஒட்டி, கல்லூரிக்குச் சொந்தமான ஓவியக்கூடக் கட்டடம் ஒன்று இருந்தது. அங்கே இவருக்கும் இடம் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளக் காட்சிக்கூடத்தில் 1894-இல் எட்வர்ட் மூங்க் என்ற நார்வே ஓவியரின் படங்கள் வைக்கப்பட்டன என்றால், புதிய கலையின் பேச்சு ஹில்மாவின் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

அடுத்த 20 ஆண்டுகள் அவர் செய்தது என்ன? நிலக்காட்சி வரைந்தார், கேட்டவர்களுக்கு உருவப்படம் எழுதிக் கொடுத்தார், தாவரப் படங்கள் வரைந்தார். 1900-ஐ ஒட்டிச் சில காலம் கால்நடை மருத்துவ நிறுவனம் ஒன்றில் விலங்குகளின் உடற்கூற்றுப் படங்கள் வரையும் வேலையும் பார்த்தார். தம் கையை நம்பிப் பிழைத்த பெண் அவர். அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்ப்பவர்கள், கை தேர்ந்தவர், ஆனால் நூற்றுக்கணக்கான ஓவியர்களுள் ஒருவர் என்றுதான் சொல்வார்கள். இந்த இருபதாண்டு உழைப்பைச் சிலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது நம் கருத்து. பின்னால் நாம் பார்க்கப் போகும் பெரிய வட்டங்களை நடுங்காமல் போட்ட கை, குதிரையின் எலும்பையும் பூவின் காம்பையும் வரைந்து வரைந்து பழகிய கைதான்.

இனி, நாம் தயங்கிய பகுதிக்கு வருவோம். 1880-இல் ஹில்மாவின் தங்கை ஹெர்மினா 10 வயதில் இறந்து போனாள். ஹில்மாவுக்கு அப்போது வயது 17. இறந்தவர்களின் ஆவியோடு பேசலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்தவர்கள் வீட்டுக் கூடங்களில்கூடப் பரவியிருந்த காலம் அது. இளம் வயதிலேயே ஹில்மா அத்தகைய கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார். 1896-இல் அவரும் நான்கு தோழியரும் சேர்ந்து ஐவர் என்ற பெயரில் ஒரு சிறு குழு அமைத்தார்கள். அன்னா காசல், கொர்னேலியா செடர்பெர்க், சிக்ரித் ஹெட்மன், மத்தில்டா நில்சன் ஆகியோரே அந்த நால்வர். வெள்ளிக்கிழமை தோறும் கூடுவார்கள். செபம் சொல்வார்கள், புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு பகுதியை வாசித்துச் சிந்திப்பார்கள், பிறகு ஆவிகளை அழைப்பார்கள். வந்ததாகக் கருதிய செய்திகளை எழுதியும், கை போன போக்கில் வரைந்தும் வைப்பார்கள்.

செபமும் விவிலியமும் இருக்க, அதன் பின்னே ஆவியழைப்பு எதற்கு என்று நம் மாணவிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சாமுவேல் முதல் நூலில் சவுல் அரசன் இரவில் மாறுவேடம் பூண்டு ஏன்தோரில் இருந்த பெண்ணிடம் போன கதையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். இறந்தோரை அழைத்து மறைவானதை அறிய முயல்வதைத் திருச்சபை என்றும் ஏற்றதில்லை. அதில் நமக்கு இரு கருத்து இல்லை. அதே வேளையில், தங்கையைப் பறிகொடுத்த 17 வயதுப் பெண் ஒருத்தி இருட்டில் கையை நீட்டித் தேடியதை நாம் ஏளனம் செய்யவும் மனம் வரவில்லை. வீட்டில் ஒரு குழந்தையை இழந்தவர்களுக்கு அந்தத் தேட்டம் தெரியும்.

ஐவர் குழுவோடு அவர் தேடல் நிற்கவில்லை. 1882 முதல் சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்டிருக்கும் பிரம்மஞான சபையின் சுவீடன் கிளையிலும் சேர்ந்து அதன் நூல்களைப் படித்தார். அணுவின் உள்ளே மின்துகள் இருக்கிறது என்றும், கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிர் சதையை ஊடுருவி எலும்பைக் காட்டுகிறது என்றும் விஞ்ஞானிகள் அறிவித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காணாத உலகம் ஒன்று உண்டு என்று விஞ்ஞானமே சொல்லும்போது, ஓவியம் மட்டும் காண்பதையே வரைந்து கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி பலருக்கும் எழுந்தது.

1906-ஆம் ஆண்டின் முதல் நாளில், அமாலியேல் என்று அக்குழுவினர் பெயர் சொன்ன ஓர் ஆவி, ஒரு கோயிலுக்காக ஓவியங்கள் தீட்டும் பணியைத் தமக்கு இட்டதாக ஹில்மா குறித்து வைத்திருக்கிறார். இத்தகைய வேலையில் இறங்கினால் மனம் பேதலித்துவிடும் என்று தோழியர் எச்சரித்தார்கள். அவர் ஏற்றுக் கொண்டார். பல மாதங்கள் தம்மை ஆயத்தம் செய்து கொண்டு நவம்பரில் தொடங்கினார். 1908 ஏப்ரல் வரையில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் 111 ஓவியங்கள் முடிந்தன. தாம் முன்கூட்டி எந்த மாதிரியும் வரைந்து கொள்ளவில்லை என்றும், தூரிகை தம் மூலமாக ஓடியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பணியில் அன்னா காசலும் மற்றத் தோழியரும் கை கொடுத்திருக்கிறார்கள் என்பதை நோட்டுப் புத்தகங்களை அலசிய அண்மைக்கால ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர்.

இந்த வரிசையில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியவை, 1907-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தீட்டப்பட்ட பத்து ஓவியங்கள். பத்துப் பெரியவை என்பதுதான் அவற்றின் பெயர். ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் உயரம். அகலம் ஏறத்தாழ 2.4 மீட்டர். நம் வகுப்பறைச் சுவர் ஒன்றை முழுதும் மறைக்க இரண்டு படங்களே போதும். ஹில்மாவோ உயரம் குறைந்த பெண்மணி. அவ்வளவு பெரிய தாளைத் தாங்கும் நிலைச்சட்டம் ஏது? தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, அதன்மேல் குனிந்தும் நடந்தும் வரைந்தார். முட்டைக் கருவைக் கலந்து குழைக்கும் டெம்பரா வர்ணம் விரைவில் உலர்ந்துவிடும். யோசித்துக் கொண்டு நிற்க முடியாது. சில படங்களில் தாளின்மேல் மிதித்த தடம்கூட இருக்கிறது என்கிறார்கள் பார்த்தவர்கள்.

மனித வாழ்வின் நான்கு பருவங்களே அந்தப் பத்துப் படங்களின் பொருள். குழந்தைப் பருவத்துக்கு இரண்டு: ஆழ்ந்த நீலப் பின்னணியில் மலர் வளையங்களும் பெரிய உருண்டைகளும் மிதக்கின்றன. வாலிபத்துக்கு இரண்டு: பின்னணி ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது; சுருள்கள் ஓரிடத்தில் நில்லாமல் ஆடும் பிள்ளைகளைப் போலச் சுழல்கின்றன. முதிர்ந்த பருவத்துக்கு நான்கு: அவற்றுள் ஒன்றில் இளம் ஊதாப் பரப்பின் நடுவே மொட்டவிழ்ந்தாற்போல ஒரு பெரிய மஞ்சள் வடிவம். முதுமைக்கு இரண்டு: பின்னணி வெளிறிய ரோஜா நிறம், ஆரவாரம் அடங்கி, இடமும் வலமும் ஒன்றுபோல் அமைந்து, நிறைய வெற்றிடம் விட்டு நிற்கின்றன. அவருடைய குறிப்புகளின்படி நீலம் பெண்மையையும் மஞ்சள் ஆண்மையையும் குறிக்கும்; இரண்டும் கலந்த பச்சை ஒருமையைக் குறிக்கும். நத்தை ஓட்டின் சுருள் வளர்ச்சிக்கு அடையாளம். இந்த அகராதி ஏதும் தெரியாமல் பார்த்தாலும், முதுமை என்ற படத்தின் முன் ஒரு பாட்டி நின்றால் அவருக்கு ஏதோ புரியும் என்றே நாம் நம்புகிறோம்.

1908-இல் வேலை நின்றது. நான்கு ஆண்டுகள் கோயில் ஓவியங்களில் ஒன்றுகூட வரையப்படவில்லை. தாயார் மத்தில்டாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. தந்தை 1898-இலேயே இறந்துவிட்டார். மணம் செய்து கொள்ளாத மகள் ஓவியக்கூடத்தை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்துக் கொள்ள வந்துவிட்டார். காணாத உலகத்தின் கட்டளை என்று தாம் உறுதியாக நம்பிய பெரும் பணியைக்கூட, கண் தெரியாத தாய்க்காக அவர் நிறுத்தி வைத்தார். இவருடைய வாழ்க்கையில் எந்த ஓவியத்தையும்விட இதை நாம் உயர்வாக மதிக்கிறோம் என்றால், கலை விமர்சகர்கள் நம்மைக் கோபித்துக் கொள்ளக் கூடும். கோபிக்கட்டும்.

1912-இல் மறுபடி தொடங்கி 1915-இல் முடித்தார். மொத்தம் 193 ஓவியங்கள். இந்த இரண்டாம் கட்டத்தில் ஒரு மாறுதல் இருந்தது. கை தானாக ஓடியது என்ற பேச்சு குறைந்துவிட்டது. மனத்தில் கண்டதைத் தாமே சிந்தித்து, தாமே தீர்மானித்துத் தீட்டினார். அன்னம் என்ற வரிசையில் 24 படங்கள். முதற்படத்தில் கரிய பின்னணியில் மேலே ஒரு வெள்ளை அன்னம். வெள்ளைப் பின்னணியில் கீழே ஒரு கறுப்பு அன்னம். இரண்டின் அலகும் நடுக்கோட்டில் தொட்டுக் கொள்கின்றன. படம் செல்லச் செல்ல அன்னங்கள் கரைந்து வெறும் வட்டங்களாகவும் சதுரங்களாகவும் ஆகி, முடிவில் மீண்டும் அன்னங்களாகத் திரும்பி வருகின்றன. 1915-இல் தீட்டிய இன்னொரு வரிசைக்குப் புறா என்று பெயர். யோர்தான் ஆற்றங்கரையில் தூய ஆவி புறா வடிவில் இறங்கியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

அவ்வாண்டிலேயே முடிந்த கடைசி மூன்றும் பீட ஓவியங்கள் எனப்படும். ஒன்றில் வானவில்லின் நிறங்களை அடுக்கிய முக்கோணம் ஒன்று, பொன் தகடு பதித்த ஒளிவட்டத்தை நோக்கி மேலே எழுகிறது. இன்னொன்றில் அதே போன்ற முக்கோணம் மேலிருந்து கீழே இறங்குகிறது. மூன்றாவதில் பெரிய பொன் வட்டம் நடுவில் நிற்கிறது. மண் விண்ணை நோக்கி ஏறுவதும் விண் மண்ணை நோக்கி இறங்குவதும் என்று அதைப் படிக்கலாம். நம் ஆலயப் பீடத்தின் முன் முழந்தாளிட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பொன் வட்டம் வேறொன்றையும் நினைவூட்டும். ஹில்மா லூத்தரன் சபைக் குடும்பத்தில் பிறந்தவர்; அதை எண்ணி அவர் வரைந்தார் என்று நாம் உரிமை கொண்டாட முடியாது.

கலை வரலாற்று நூல்களில் அரூப ஓவியம் ரஷ்யரான காண்டின்ஸ்கியிடமிருந்து தொடங்குவதாகவே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1911-இல் தாம் தீட்டியதே உலகின் முதல் அரூப ஓவியம் என்று அவரே பிற்காலத்தில் கூறிக் கொண்டார். கலையில் ஆன்மிகம் பற்றிய அவருடைய நூலும் அவ்வாண்டில் வந்ததே. அடுத்து ஹாலந்து நாட்டு மோந்திரியான், பிறகு 1915-இல் கறுப்புச் சதுரம் தீட்டிய மாலெவிச். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் தம் படைப்பைக் காட்சிக்கு வைத்தவர்கள். ஹில்மா 1906-இலேயே தொடங்கிவிட்டார் என்று இப்போது பலர் எண்ணிக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் நமக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பந்தயம் என்றே பார்த்தால், ஜார்ஜியானா ஹூட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1871-இலேயே லண்டனில் உருவமற்ற நீர்வர்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார். நாம் வியப்பது வேறொன்றை. காண்டின்ஸ்கிக்கு நண்பர்களும் சீடர்களும் பத்திரிகைகளும் இருந்தன. ஹில்மாவுக்கு, நன்றாயிருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை, நன்றாயில்லை என்று சொல்லவும் ஆளில்லை. 193 ஓவியங்களை அந்த மௌனத்தின் நடுவே ஒருவர் எப்படித் தீட்டி முடித்தார்?

தாயாரோடு அவர் முன்ஸோ என்ற தீவுக்குக் குடிபெயர்ந்தார். பிள்ளைப் பருவத்தில் கோடை கழித்த ஆடல்ஸோவுக்கு மிக அருகில் உள்ள தீவு அது. அங்கே பெரிய ஓவியங்களை வைக்க ஒரு கூடமும் கட்டப்பட்டது. நாம் தொடக்கத்தில் சொன்ன மலர்ப் படங்கள் பிறந்தது இங்கேதான். 1919 வசந்தம் முதல் 1920 கோடை வரையில், செடிகள் பூக்கும் முறைப்படி அவற்றை வரைந்து சென்றார். 46 தாள்கள் இன்று உள்ளன. காட்டுச் செர்ரியும் தோட்டத்துச் செர்ரியும் பிளம்மும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சூரியகாந்தி உண்டு; லிண்டன் மரத்தின் கொத்தும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் லத்தீன் தாவரப் பெயர், வரைந்த தேதி, அருகில் அந்தச் சிறு வரைபடங்கள். பொறுமை, சினம், பணிவு என மனித உள்ளத்தின் நிலைகளைச் செடிகளில் கண்டு அவர் தம் நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். பாசியையும் கல்மேல் படரும் பூசணத்தையும்கூட விடவில்லை.

இந்த மலர்த் தாள்களில்தான் ஹில்மாவை நாம் மனம் ஒப்பி ஏற்றுக் கொள்கிறோம். ஆவி சொல்லிற்று என்ற பேச்சு இங்கே இல்லை. ஒரு செடியின் முன் உட்கார்ந்து, அது தன்னைக் காட்டும் வரை பார்க்கிறார். படைப்பின் வழியே படைத்தவரை அறியலாம் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியதும், சூரியனையும் நீரையும் சகோதர சகோதரியாக அழைத்துப் புனித அசிசி பிரான்சிஸ் பாடியதும் நமக்குத் தெரிந்தவையே. இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை 1999 உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு ஒரு மடல் எழுதினார். சமயப் பொருளை எடுத்துக் கொள்ளாத கலைக்கும்கூட விசுவாச உலகத்தோடு உள்ளார்ந்த உறவு உண்டு என்ற கருத்தை அதில் அவர் விளக்குகிறார். அந்த மடலைப் படித்துவிட்டு இந்த மலர்களைப் பார்த்தால், ஹில்மாவின் பெயர் அதில் இல்லையே தவிர, அவரும் அழைக்கப்பட்டவர்தாம் என்று தோன்றுகிறது.

1920-இல் தாயார் காலமானார். அதன்பின் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய அறிஞரின் போதனைகளில் ஈடுபட்டு, சுவிட்சர்லாந்தில் தோர்னாக் என்னும் ஊரில் இருந்த அவருடைய நிலையத்துக்குப் பலமுறை சென்று தங்கினார். பெரிய படங்களை விட்டு, நனைந்த தாளில் நிறங்கள் தாமே பரவும்படி விடும் சிறு நீர்வர்ணப் படங்களைத் தீட்டினார். 1928-இல் தம் கோயில் ஓவியங்களுள் சிலவற்றை லண்டனில் ஒரு மாநாட்டில் வைத்தார். பெரிதாக யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

1932-இல் ஒரு முடிவெடுத்தார். எந்த நோட்டுப் புத்தகங்களைத் தாம் இறந்து 20 ஆண்டுகள் கழியும் வரை திறக்கக் கூடாது என்று விரும்பினாரோ, அவற்றின்மேல் ஒரு கூட்டல் குறியும் ஒரு பெருக்கல் குறியும் இட்டார். இதைப் பணிவு என்பதா, அச்சம் என்பதா, தம் காலத்து மக்கள் மீது நம்பிக்கை இல்லாமை என்பதா? நம்முள்ளேயே இது பற்றி ஒத்த கருத்து ஏற்படவில்லை. கோபம் என்று சொல்வாரும் உண்டு. ஒன்று மட்டும் உறுதி. புகழ் வேண்டும் என்று வரைந்தவர் 20 ஆண்டு பூட்டுப் போட மாட்டார். எவரும் பார்க்க வேண்டாம் என்று எண்ணியவரோ, நோட்டுப் புத்தகங்களைத் திருத்திப் படியெடுத்து, குறியீடுகளுக்கு அகராதி எழுதி, இத்தனை ஒழுங்காக வைத்துவிட்டுப் போக மாட்டார்.

1944 அக்டோபரில் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து அடிபட்டார். அக்டோபர் 21 அன்று, 82 வயது நிறைய 5 நாள்கள் இருக்கையில், ஸ்டாக்ஹோமை அடுத்த யூர்ஸ்ஹோல்மில் உயிர் பிரிந்தது. கடற்படையினருக்குரிய கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் மோந்திரியானும் டிசம்பரில் காண்டின்ஸ்கியும் இறந்தார்கள். அந்த இருவரின் மறைவையும் கலையுலகம் அறிந்தது.

1200-க்கும் மேற்பட்ட ஓவியங்களும், 125 நோட்டுப் புத்தகங்களில் ஏறத்தாழ 26,000 பக்கங்களும் சகோதரர் மகன் எரிக் ஆஃப் கிளிண்ட்டுக்கு வந்து சேர்ந்தன. அவரும் கடற்படை அதிகாரியே. ஓவியம் பற்றிப் பெரிதும் அறியாத அவர், அத்தையின் சொல்லைக் காப்பாற்றினார். சுருட்டிய ஓவியங்களும் பெட்டிகளும் வீட்டுப் பரணில், குளிரிலும் வெயிலிலும், இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. 1960-களின் பிற்பகுதியில்தான் அவை பிரிக்கப்பட்டன. 1970-இல் ஸ்டாக்ஹோமின் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு அத்தனையையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோது, அவர்கள் வேண்டாம் என்றார்கள். எரிக் மனம் தளராமல் 1972-இல் ஓர் அறக்கட்டளை நிறுவி அதனிடம் ஒப்படைத்தார். ஓவியங்களை விற்றுச் சிதறவிடாமல் காத்த அந்த மாலுமிக்கும் கலையுலகம் கடமைப்பட்டிருக்கிறது.

1986-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கலையில் ஆன்மிகம் என்ற பொருளில் நடந்த கண்காட்சியில்தான் சில ஓவியங்கள் முதல் முறையாகப் பெருந்திரளான மக்கள் முன் தொங்கின. 2013-இல், முன்பு மறுத்த அதே ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி நடத்தியது. 2018 அக்டோபரில் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களுக்குக் கதவு திறந்தது. 2019 ஏப்ரல் வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். அதுவரை அங்கே எந்தக் கண்காட்சிக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

அந்தக் கட்டடத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நத்தை ஓடு போல, கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே பாதை. தம் ஓவியங்களுக்கென ஹில்மா மனத்தில் கண்டு, குறிப்பெழுதி, கட்ட முடியாமலே போன கோயிலும் சுருளாக ஏறிச் செல்லும் கட்டடமே. குகன்ஹைம் 1959-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்களுக்கு ஹில்மாவின் பெயரே தெரியாது.

மலர்த் தாள்கள் 46-ஐயும் நியூயார்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகம் 2022-இல் பெற்றுக் கொண்டு, 2025-இல் மக்கள் பார்வைக்கு வைத்தது. நூறு ஆண்டுக்கு மேலான தாளில் செர்ரிப் பூவின் வெண்மை இன்னும் மங்கவில்லை. தேதி எழுதியிருக்கிறது, லத்தீன் பெயர் எழுதியிருக்கிறது, பக்கத்தில் அந்தச் சிறு வட்டமும் அப்படியே இருக்கிறது.